இறந்தகாலப் பிரிவு

எங்கள் ஆணையத்தில் எந்த வேலையும் முடிவதில்லை என்று வெளியாட்கள் சொல்வார்கள். ஒருநாள் எங்கள் இயக்குநரே அதை ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார். ஆனால் அவர் காரணத்தையும் கண்டுபிடித்திருந்தார்.

"ஒரு வேலை முடிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது? இறந்தகாலத்துலதான் சொல்ல முடியும். நம்ம அறிக்கையெல்லாம் இங்கிலீஷ்ல போகுது. நம்ம ஆளுங்களுக்கு இங்கிலீஷ்ல இறந்தகாலம் வராது. அப்புறம் வேலை எப்படிய்யா முடியும்?"

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். பொதுக் கட்டடங்களைப் பராமரிக்கும் ஆணையம் எங்களுடையது. ஒழுகும் கூரை, எரியாத விளக்கு, மூடாத ஜன்னல் எல்லாவற்றையும் பற்றி அறிக்கை எழுதுவோம். 'சரிசெய்யப்பட்டு வருகிறது' என்று ஒவ்வொரு அறிக்கையும் முடியும். அதற்குக் காரணம் சோம்பல் என்றுதான் நாங்களும் இத்தனை நாள் நினைத்துக் கூனிக் குறுகியிருந்தோம். இலக்கணம்தான் காரணம் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது.

உடனே ஏழாவது மாடியில் இறந்தகாலப் பிரிவு என்று ஒன்று திறந்தார்கள். ஒரு தேர்வு அதிகாரி, ஒரு இரும்பு அலமாரி, அரக்கு உருக்க ஒரு சின்ன அடுப்பு, தட்டச்சு செய்ய ஓர் ஆள். மூன்றாம் ஆண்டு அந்த இடத்துக்கு நான் வந்தேன். நான் அப்போது இரண்டாம் கிரேடு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கான கோப்பு இயக்குநர் மேசைமேல் இருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் சாக்கு சொல்வது போல இருக்கும்.

ஆங்கிலத்தில் பெரும்பாலான வினைச்சொற்கள் சாதுவானவை. வாலில் ஒரு சின்ன ஒலியை ஒட்டினால் இறந்தகாலம் ஆகிவிடும். அவற்றைத் தேர்வில் சேர்க்கக் கூடாது என்றார் தேர்வு அதிகாரி.

"அதுக்கெல்லாம் விதி இருக்கு. விதி இருக்கிற எடத்துல அதிகாரி எதுக்கு? எந்த விதிக்கும் அடங்காத சொல்லா எடு."

அப்படி அறுபது சொற்கள் எடுக்கப்பட்டன. கேள்வித்தாளில் சொல் மட்டும் இருக்கும். விடைத்தாளில் அதன் மற்ற இரண்டு வடிவங்களையும் வரிசை எண் போட்டு எழுத வேண்டும். 'கோ' என்றால் போ. அதற்கு வென்ட், கான் என்று எழுத வேண்டும். சொற்களை ஆணையத்துக்கு முக்கியமான வரிசையில் அடுக்கியிருந்தார்கள். முதலாவது 'கட்', அதாவது வெட்டு. மின்சாரமோ, தண்ணீரோ, ஊழியரின் விடுப்போ, நாங்கள் முதலில் செய்வது அதுதான். அதற்குப் பிறகு வா, போ, தின், தூங்கு, திருடு, கொடு என்று ஆங்கிலத்தில் வரிசையாக வரும். இந்த வரிசையை யார் வகுத்தார்களோ தெரியாது. எங்களை நன்றாக அறிந்தவர்.

பொறியாளர் முதல் கழிப்பறை கழுவுபவர் வரை எல்லோரும் எழுத வேண்டும். நிரந்தர ஊழியர் தேறாவிட்டால் வருத்தக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். தற்காலிக ஊழியருக்கு மூன்று வாய்ப்பு. தேறினால் நிரந்தரம். மூன்றிலும் தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். என்னைப் போன்ற பிரிவு ஆட்களுக்கு விலக்கு. இயக்குநருக்கும் விலக்கு. தேர்வை உண்டாக்கியவரே தேர்வு எழுதுவது முறையாகாது என்று அவரே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

எங்கள் கட்டடத்தின் லிஃப்டை இயக்குபவரை எல்லோரும் லிஃப்ட் அண்ணன் என்போம். ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது ஆண்டாகத் தற்காலிகம். வீட்டில் அவரும் மனைவியும்தான். அவர் மனைவிக்கு ஆஸ்துமா. ஆணையத்தின் மருத்துவ அட்டை நிரந்தர ஊழியருக்கு மட்டும்தான் கிடைக்கும். அந்த அட்டைக்காகத்தான் அவர் அந்த இரும்புக் கூண்டுக்குள் பத்தொன்பது ஆண்டு நின்றார். இரண்டு முறை தேர்வு எழுதி இரண்டு முறையும் தேறவில்லை. மூன்றாவது முறைக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ தினம் ஏழாவது மாடிக்கு வர்றே. ஏறும்போது ரெண்டு கேளு, இறங்கும்போது ரெண்டு கேளு. போதும்."

அவர் கண்டுபிடித்த முறை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. தரைத்தளத்தில் கதவைச் சாத்திக்கொண்டு 'கோ' என்பார். முதல் மாடி வந்ததும் நிறுத்தி 'வென்ட்' என்பார். இரண்டாம் மாடியில் 'கான்'. மூன்றாம் மாடியிலிருந்து அடுத்த சொல். முதல் மாடிக்குப் போக வேண்டியவர்கள் 'வென்ட்' கேட்காமல் இறங்க முடியாது. 'கட்' மட்டும் மூன்று வடிவமும் ஒன்றே என்பதால் லிஃப்டை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே மூன்று முறை சொல்வார். உள்ளே இருப்பவர்கள் லிஃப்ட் பழுது என்று நினைத்து இறங்கிவிடுவார்கள்.

"இது ஒண்ணுதான் தம்பி நம்ம ஆளு. எங்கயும் போகாது, எதுவும் ஆகாது. என்னை மாதிரி" என்று சிரிப்பார்.

நான்கு மாதத்தில் அறுபதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். குறுக்கே கேட்டாலும் சொன்னார். தேர்வுக்கு முதல்நாள் எனக்கே இரண்டு சந்தேகத்தைத் தீர்த்து வைத்தார்.

இனி என் பாவம்.

சரியான விடைகளின் பட்டியலைத் தயாரிக்கும் முறை இது. தட்டச்சரை ஜன்னல் இல்லாத அறையில் வைத்துப் பூட்டுவார்கள். ரகசியம் காற்றில் பறக்கக் கூடாது என்பதால் மின்விசிறியும் கிடையாது. வெளியே தேர்வு அதிகாரி அரக்கு உருக்கிக்கொண்டு நிற்பார். கணினியில் இருந்த போன ஆண்டுப் பட்டியலின் முதல் வரியைப் பார்த்தேன். கட், கட் என்று ஒரே சொல் இரண்டு தடவை இருந்தது. விசை சிக்கிக்கொண்டால் இப்படித்தான் விழும், எனக்கே எத்தனையோ முறை விழுந்திருக்கிறது. போன ஆண்டுத் தட்டச்சரைத் திட்டிக்கொண்டே அந்த வரியை அழித்தேன். எனக்குத் தெரியாத சொல்லா? லிஃப்டில் நூறு முறை கேட்ட சொல். வாய்க்குத் தெரிந்தது அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை.

கணினி நல்ல பிள்ளையாக இரண்டை ஒன்றாக்கி, மூன்றை இரண்டாக்கி, எண்களைத் தானே திருத்திக்கொண்டது. கடைசியில் அறுபதுக்கு நேராக வெற்றிடம். ஏதோ உதைக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது. மேலிருந்து ஒருமுறை சரிபார்க்கலாம் என்று நாற்காலியை இழுத்தேன்.

"என்னப்பா பண்றே உள்ள? அரக்கு இறுகிடும், சீக்கிரம் குடு!" என்று கதவு தட்டப்பட்டது.

கொடுத்துவிட்டேன். இயக்குநர் கையெழுத்து போட்டார். முத்திரை விழுந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். நானூற்றுப் பதினோரு பேருக்குப் பூஜ்ஜியம். திருத்தியவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். திருத்துபவர் விடைத்தாளைப் படிக்கக் கூடாது, ஒப்பிட மட்டுமே செய்யலாம் என்பது விதி. படித்தால் பாரபட்சம் வந்துவிடுமாம்.

ஒரே ஒருவர் அறுபதுக்கு அறுபது. பண்டகசாலைக் காப்பாளர். அவரைக் குறட்டை என்று அழைப்போம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அரைமணி தாமதமாக வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, முதல் கேள்வியை மாதிரிக் கேள்வி என்று நினைத்து விட்டுவிட்டு, இரண்டாம் கேள்வியின் விடையை ஒன்று என்று எண் போட்டு எழுதியிருக்கிறார். கடைசி எண்ணுக்கு எழுத ஒன்றும் இல்லாமல் வெறுமனே விட்டிருக்கிறார். அந்த வெற்றிடத்துக்கும் ஒரு மதிப்பெண்.

அறிவிப்புப் பலகையைப் பார்த்த அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லிஃப்ட் அண்ணன் பலகை முன்னால் நின்று தன் பெயருக்கு நேரே விரலை வைத்து, மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தி, பூஜ்ஜியத்தில் நிறுத்தினார். மறுபடி பெயருக்குப் போய் மறுபடி நகர்த்தினார். ஐந்தாறு முறை. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த நினைவு அவரைப் பற்றியதல்ல. இயக்குநர் மேசைமேல் இருந்த என் கோப்பு.

அன்று மாலையே இயக்குநர் கூட்டம் போட்டார். முகத்தில் கல்யாணக் களை.

"நானூத்திப் பதினோரு பூஜ்ஜியம்! எந்த ஆணையத்தாலயாவது இப்படி ஒரு தரமான தேர்வு வைக்க முடியுமா? போன தடவை முந்நூறு பேர் பாஸ். எனக்கு ராத்திரி தூக்கமே வரல. முந்நூறு பேர் பாஸ் ஆகுற தேர்வுக்கு நான் எதுக்கு?"

குறட்டைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியதும் கதகதப்பில் அவருக்குக் கண் சொக்கியது. சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறார் என்று இயக்குநர் கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னார். நானூற்றுப் பதினோரு பேருக்கும் இரண்டு மாதத்தில் கருணைத் தேர்வு என்று அறிவிப்பு வந்தது. அதிலும் தேறாத தற்காலிக ஊழியருக்கு அன்றே கணக்கு முடிக்கப்படும். மூன்று வாய்ப்பையும் கரைத்துவிட்டு நின்ற தற்காலிக ஊழியர் கட்டடத்திலேயே ஒருவர்தான்.

பதினோரு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. லிஃப்டில் ஏறுவதையும் நிறுத்திவிட்டேன். ஏழு மாடியும் படிதான். உடம்புக்கு நல்லது என்று கேட்டவர்களிடம் சொன்னேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் போவது கேட்கும். கூடவே அவர் குரலும் கேட்கும். இன்னும் படித்துக்கொண்டிருந்தார். எங்கே தப்பு செய்தோம் என்று சரியான விடைகளுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் தேர்வு அதிகாரியிடம் போனேன்.

"சார், விடைப் பட்டியல்ல தப்பு இருக்கு. முதல் வரிய விட்டுட்டேன். எல்லாம் ஒரு வரி மேல ஏறிடுச்சு. என் தப்புதான் சார்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "கையெழுத்து யாருது?"

"இயக்குநரோடது."

"படிச்சுட்டுப் போட்டாரா, படிக்காம போட்டாரா?"

"தெரியல சார்."

"படிச்சுட்டுப் போட்டிருந்தா அதுல தப்பு இருக்க முடியாது. படிக்காம போட்டார்னு சொல்றியா? சொல்லேன். எழுதிக்கறேன்."

அவர் குரலைத் தணித்து, பெற்ற தகப்பன் போலப் பேசினார்.

"உன் கிரேடு என்ன?"

"ரெண்டு."

"முடிவெடுக்குற அதிகாரம் ஆறாவது கிரேடுலதான் ஆரம்பிக்குது. தப்புங்கறது என்ன? ஒரு முடிவெடுத்து, அது கோணலாப் போறது. உனக்கு முடிவெடுக்கவே அதிகாரம் இல்ல. நீ எப்படிப்பா தப்பு பண்ண முடியும்? ஆசைப்படலாம். அதுக்குத் தகுதி வேணும். நான் இருபத்தாறு வருஷம் உழைச்சு இப்பத்தான் சின்னச் சின்னத் தப்பு பண்ற நிலைமைக்கு வந்திருக்கேன்."

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த அறையில் எனக்குக் கோபம் வரவில்லை. என்மேல் தப்பில்லை என்று ஒரு அதிகாரி சொல்கிறாரே என்று உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

நான் விடாமல் நின்றதால் மூன்று பிரதிகளில் மனு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினார்கள். விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. குழு ஒரு கல்லூரியிலிருந்து ஆங்கிலப் பேராசிரியரை வரவழைத்து விடைப் பட்டியலைக் காட்டியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது அத்தனையும் தப்பாச்சே" என்றார்.

"நீங்க எங்க தேர்வை எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார்கள்.

"இல்ல."

"தேறாதவரோட கருத்தை எப்படிங்க எடுத்துக்கறது?"

பேராசிரியருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குழு மேலும் ஆராயும் என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஆணையத்தில் 'மேலும் ஆராயும்' என்றால் என்ன பொருள் என்று தட்டச்சு செய்து செய்தே தெரிந்தவன் நான். மனு செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

இதற்கிடையில் குறட்டை வகுப்பு எடுக்கத் தொடங்கியிருந்தார். தினமும் மதியம் இரண்டு மணிக்கு, ஐந்தாம் மாடிக் கூடத்தில். ஒருநாள் என்னை ஓரமாக இழுத்தார்.

"எனக்கே ஒண்ணும் தெரியாதுப்பா. நான் எழுதினதை அப்படியே கரும்பலகையில எழுதிப் போடறேன். முழிச்சிருக்கறவங்க நோட்டுல எழுதிக்கறாங்க. பயமா இருக்கு. நிறுத்தவும் முடியல, மெமோ குடுப்பாங்க."

இனி அறிக்கைகளும் முத்திரையிட்ட பட்டியல்படிதான் எழுதப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. வா என்ற சொல்லுக்கு இறந்தகாலம் 'போனேன்'. போ என்பதற்குத் 'தின்றேன்'. தின் என்பதற்குத் 'தூங்கினேன்'. தூங்கு என்பதற்குத் 'திருடினேன்'. ஒழுகும் கூரையைப் பார்க்க வெளியூர் போய் விருந்தினர் விடுதியில் சாப்பிட்டுப் படுத்துவந்த பொறியாளர் ஒருவர், அதையெல்லாம் பட்டியல்படி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். கூரையைப் பார்க்கத் தின்றேன், விடுதியில் தூங்கினேன், இரவு முழுவதும் திருடினேன். தலைமையகத்துத் தணிக்கையாளர்களிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அறிக்கையும் கள நிலவரமும் முதன்முறையாக ஒத்துப்போகின்றன என்று எழுதியிருந்தார்கள்.

கருணைத் தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருந்தபோது நான் மறுபடி லிஃப்டில் ஏறினேன். அவர் முகம் மலர்ந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கேளு என்பது போலப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க படிச்சதை மறந்துடுங்க. குறட்டை போடற பட்டியலைப் படிங்க."

"அது தப்பு தம்பி."

"தப்புதான். ஆனா மார்க் அதுக்குத்தான்."

"தப்புன்னு தெரிஞ்சும் எழுதணுமா?"

"உங்களுக்கு மருத்துவ அட்டை வேணுமா வேண்டாமா?"

கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். அவர் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் தப்பால்தான் இந்தப் பட்டியல் வந்தது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். லிஃப்டில் நாங்கள் இரண்டே பேர்தான். நான் சொல்லவில்லை. அதிகாரிகளின் முட்டாள்தனத்தை மட்டும் நிறையத் திட்டினேன். ஆறாம் மாடி தாண்டும்போது அவர், "சரி தம்பி, நீ சொல்றே" என்றார்.

சரியாகப் படித்ததை மறப்பது லேசான வேலையல்ல. வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக் களைப்பில் ஆசிரியரோடு சேர்ந்து தூங்க, அவர் மட்டும் பேனாவைக் கீழே வைக்காமல் எழுதினார். லிஃப்டில் பழைய முறையையே மாற்றிப் பிடித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய மாடியைத் தாண்டி நிறுத்த வேண்டும். இரண்டு வாரம் கட்டடத்தில் யாரும் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. நான்காம் மாடிக்குப் போக வேண்டிய கணக்காளர் ஆறாம் மாடியில் மூன்று நாள் வேலை பார்த்தார். லிஃப்ட் அண்ணனுக்கு மெமோ கொடுத்தார்கள். அதையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படித்தார். நாக்கு பழையபடி 'வென்ட்' என்று எழும்பும்போதெல்லாம் தன் தொடையில் தானே பட்டென்று அடித்துக்கொள்வார். நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். முந்தைய நாள் அறுபதையும் ஒப்பித்தார். ஒன்றுகூடத் தப்பாமல், அத்தனையும் தப்பாக.

தேர்வு முடிந்து நான்கு நாளில் முடிவு வந்தது. முந்நூற்றுத் தொண்ணூறு பேர் தேறிவிட்டார்கள். மிச்சமிருந்த இருபது பேர் எப்போதும் தேறாத நிரந்தர ஊழியர்கள். அவர்கள் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கியிருந்தார்கள். ஒரே ஒருவருக்குப் பூஜ்ஜியம்.

தேர்வு அதிகாரியின் அறைக்கு ஓடினேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாப்பா, வா! உன் மனுவை ஏத்துக்கிட்டாங்க!"

நேர்மை வாரம் வருகிறதாம். ஒவ்வொரு துறையும் நேர்மையான ஊழியர் ஒருவரைத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். கோப்புகளையெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். மொத்த ஆணையத்திலும் தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்ட காகிதம் என் மனு ஒன்றுதான் அகப்பட்டதாம். தேர்வுக்கு முந்தைய நாள் வேறொரு தட்டச்சரை அறைக்குள் பூட்டிப் புதிய பட்டியல் போட்டுவிட்டார்கள். மனுதாரன் என்பதால் அந்த வேலையை எனக்குத் தரவில்லை. 'பழைய பட்டியல் தவறானதல்ல. புதிய பட்டியல் அதைவிடச் சரியானது' என்று குழு எழுதியிருந்தது.

"ஒரு வார்த்தை வெளியில சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"என்ன பேச்சு பேசறே? தேர்வுக்கு முன்னாடி விடையப் பத்தி வெளியில சொல்றது முறைகேடு. நேர்மை வாரத்துலயா முறைகேடு பண்ணச் சொல்றே?"

"லிஃப்ட் அண்ணனுக்குப் பூஜ்ஜியம் சார்."

"பாத்தேன். வகுப்புக்கு அத்தனை பேர் போனாங்க. எல்லாரும் தூங்கிட்டு, பரீட்சையில பழசையே எழுதிட்டு வந்துட்டாங்க. இவர் ஒருத்தர்தான் கவனிச்சுப் படிச்சிருக்கார் போல. பாவம், யாரு சொல்லிக் குடுத்தாங்களோ."

எனக்கு விழா நடந்தது. சட்டம் போட்ட பாராட்டுச் சான்றிதழ். அதே மேடையில் பணி நிரந்தர ஆணையும் கொடுத்தார்கள். இயக்குநர் என் தோளில் கைபோட்டுப் பேசினார்.

"இந்தத் தம்பி ஒரு வரியை விட்டுட்டேன்னு தானா வந்து சொன்னார். நான் ஒரு வரியைக்கூடப் படிக்கலையே, நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா? இதுதான் நேர்மை!"

கூட்டம் கைதட்டியது. மேடையில் நின்றபடி நானும் தட்டினேன். கை என் பேச்சைக் கேட்பதை என்றைக்கோ விட்டுவிட்டது. அன்று மாலை எனக்குத் தந்த முதல் வேலை, லிஃப்ட் இயக்குபவரைப் பணியிலிருந்து விடுவிக்கும் ஆணையைத் தட்டச்சு செய்வது. நான்கு வரி. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். நான்கு முறை சரிபார்த்தேன்.

அடுத்த ஞாயிறு மதியம் அவர் வீட்டைத் தேடிப் போனேன். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. கட்டிலில் சாய்ந்திருந்த அவர் மனைவி எழுந்து உட்கார்ந்தார். அந்த அசைவுக்கே அவருக்கு மூச்சு இரைத்தது. அண்ணன் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அழித்த வரி, மூடிக்கொண்டிருந்த பதினோரு நாள், என் கோப்பு, என் மனு, அது ஏற்கப்பட்ட விதம். சொல்லச் சொல்ல அவர் என்னைத் தடுத்துவிடுவார், ஏசுவார், குறைந்தது எழுந்து வெளியே போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி."

"எது தெரியும்?"

"நீதான்னு. ரிசல்ட் வந்த அன்னைக்கே தெரியும். தூணுக்குப் பின்னாடி நின்னியே. அதுக்கப்புறம் லிஃப்ட்ல ஏறவே இல்ல. ஏழு மாடியை எவன் சும்மா ஏறுவான்? என்னவோ தட்டுக்கெட்டுப் போச்சு, பாவம் பையன் தவிக்கிறான்னு வீட்டுலகூடச் சொன்னேன்."

அவர் மனைவி ஆமாம் என்பது போலக் கண்ணை மூடித் திறந்தார்.

"தெரிஞ்சும் ஏன்ணே நான் சொன்னதைப் படிச்சீங்க?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

"நீ பண்ணினதை நீ சரி பண்ண வந்திருக்கேன்னு நெனச்சேன் தம்பி. அதான் நான் ஒண்ணும் கேட்டுக்கல."

நான் எழுந்து நின்றேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். இன்னொரு மனு போடுவோம், தலைமையகத்துக்கே எழுதுவோம், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இந்த முறை அவர்கள் கேட்டே ஆக வேண்டும், நான் இப்போது நேர்மைச் சான்றிதழ் வாங்கியவன் என்று என்னென்னவோ சொன்னேன். பேசப் பேச எனக்கே தெம்பு வந்தது. காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் மனைவி கையை உயர்த்தினார். மூச்சு சீராகும்வரை அந்தக் கை அப்படியே நின்றது. கோபம் கொஞ்சமும் இல்லை அந்தக் குரலில்.

"எழுத வேணாம் தம்பி. நீங்க எழுதினது போதும்."

பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன். அண்ணன் தெருமுனைவரை கூட வந்து வழியனுப்பினார். அந்த அம்மா சொன்னதுதான் சரி. இதைக்கூட நான் எழுதியிருக்கக் கூடாது.